ஹாலே நகரை வழிகாட்டி இல்லாமல் நடந்து பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாலே என்று தேடினால் நாலைந்து ஊர் வருகிறதே, இது எது?

ஜெர்மனியின் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில், சாலே ஆற்றங்கரையில் இருக்கிற ஹாலே. ஸ்டேஷன் பெயரிலேயே ஆற்றின் பெயரும் சேர்ந்து வரும்: ஹாலே (சாலே). ரயில் டிக்கெட் எடுக்கும்போது இந்த அடைப்புக்குறிதான் முக்கியம். வெஸ்ட்ஃபாலியாவில் ஒரு ஹாலே உண்டு, பெல்ஜியத்தில் இன்னொன்று. அவசரத்தில் ஊர்ப்பெயரை மட்டும் தட்டி முதலில் வருவதைத் தேர்ந்தெடுத்தால் நாட்டின் மறுகோடியில் போய் இறங்குவீர்கள்.

தங்குமிடம் தேடும்போதும் இதே கவனம் வேண்டும். ஹாலே-நோய்ஷ்டாட் என்பது கிழக்கு ஜெர்மனி காலத்தில் ஆற்றுக்கு மேற்கே எழுப்பிய அடுக்குமாடிக் குடியிருப்பு நகரம். ட்ராம் வசதி உண்டு, வாடகையும் குறைவு. ஆனால் பழைய நகரம் அதுவல்ல. நடந்து சுற்ற வருகிறவர்கள் மார்க்ட்பிளாட்ஸ் என்ற சந்தைச் சதுக்கத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையே அறை எடுத்தால் போதும்.

மொத்தம் எவ்வளவு தூரம்? ஒரு நாள் போதுமா?

ரயில் நிலையத்தில் தொடங்கி அங்கேயே முடிகிற வட்டப்பாதை இது. ஐந்திலிருந்து ஆறு கிலோமீட்டர் வரும். நிற்காமல் நடந்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம், அப்படி நடப்பதில் பயன் ஒன்றுமில்லை. உள்ளே போய்ப் பார்க்க வேண்டிய இடங்களையும் சேர்த்தால் காலை 10 மணியிலிருந்து மாலை 6 மணி வரை ஆகும்.

வரிசை இதுதான்: ரயில் நிலையம், அனாதை இல்லமாகவும் பள்ளிகளாகவும் தொடங்கிய ஃபிராங்கே அறநிலையம், ஆல்ட்டர் மார்க்ட் என்ற பழைய சந்தை, மார்க்ட்பிளாட்ஸ், ஹால்மார்க்ட், இசையமைப்பாளர் ஹெண்டல் பிறந்த ஹெண்டல் இல்லம், டோம் தேவாலயம், மோரிட்ஸ்பூர்க் கோட்டை, பல்கலைக்கழகச் சதுக்கம், ஷ்டாட்கோட்டஸ்ஆக்கர் கல்லறைத் தோட்டம், லைப்சிகர் கோபுரம், மறுபடி ரயில் நிலையம்.

எந்தக் கிழமை போவது நல்லது?

செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி. இதில் பலர் ஏமாறுகிறார்கள். ஜெர்மனியில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை என்பது பயணிகளுக்குத் தெரியும். ஃபிராங்கே அறநிலையத்தின் கண்காட்சிகளும் ஹெண்டல் இல்லமும் அப்படித்தான். ஆனால் மோரிட்ஸ்பூர்க் கலை அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை புதன்கிழமை. திங்களைக் கவனமாகத் தவிர்த்துவிட்டுப் புதனன்று வந்து கோட்டை முற்றத்தோடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

ஞாயிறும் ஆகாது என்பதில்லை. அருங்காட்சியகங்கள் திறந்திருக்கும். ஆனால் தேவாலயங்களில் காலை வழிபாடு நடக்கும், அப்போது சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் உள்ளே போகக்கூடாது. கடைகள் அடைத்திருக்கும். தண்ணீர், பிஸ்கட் போன்றவற்றை முந்தின நாளே வாங்கி வைத்துவிடுங்கள். அவசரத்துக்கு ரயில் நிலையக் கடைகள் உண்டு.

மே கடைசியிலும் ஜூனிலும் ஹெண்டல் இசைவிழா நடக்கும் நாட்களில் அறை வாடகை ஏறிவிடும். இசைக்காக வராதவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

எப்படிப் போய்ச் சேர்வது?

லைப்சிக்கிலிருந்து எஸ்-பான் புறநகர் ரயிலில் அரை மணி நேரம் அளவில் வந்துவிடலாம். பெர்லினிலிருந்து ஐசிஇ விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். லைப்சிக்/ஹாலே விமான நிலையம் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிறது, அங்கிருந்தும் எஸ்-பான் உண்டு.

உள்ளூர்ப் போக்குவரத்துக் கட்டணம் மண்டலக் கணக்கில் போகும். லைப்சிக் நகரம் 110ஆம் மண்டலம், ஹாலே நகரம் 210. லைப்சிக் நகருக்குள் மட்டும் செல்லும் நாள் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஹாலே ரயிலில் ஏறினால் அது டிக்கெட் இல்லாத பயணம்தான். அபராதம் 60 யூரோ. தாள் டிக்கெட்டில் தேதி, நேரம் அச்சாகவில்லை என்றால் முத்திரை இயந்திரத்தில் செருகிப் பதிந்த பிறகே அது செல்லும். மாதச் சந்தாவான டாய்ச்லாண்ட் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. எஸ்-பானுக்கும் ஹாலே ட்ராமுக்கும் அது ஒன்றே போதும், ஐசிஇயில் மட்டும் செல்லாது.

எல்லாரும் சந்தைச் சதுக்கத்தில் தொடங்குகிறார்களே, நீங்கள் ஏன் ஃபிராங்கே அறநிலையத்தில் தொடங்கச் சொல்கிறீர்கள்?

இரண்டு காரணம். மற்ற இடங்களில் முக்கால்வாசி தெருவில் நின்றபடியே பார்த்துவிடலாம், மாலை வெளிச்சம் இருக்கும்வரை அவை காத்திருக்கும். ஃபிராங்கே அறநிலையத்தில் பார்க்க வேண்டியவை உள்ளே இருக்கின்றன, மாலை 5 மணிக்கு மேல் பார்க்க முடியாது. கடைசியில் வைத்துக்கொண்டால் கால் வலியோடு நாலரை மணிக்குப் போய் நிற்பீர்கள். இன்னொன்று, ஹாலேயில் ஒரே ஓர் இடத்தைத்தான் நிதானமாகப் பார்க்க முடியும் என்றால் அது இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. தமிழ் படிக்கிற ஒருவர் புத்துணர்ச்சியோடு இருக்கும் காலை நேரத்தை இங்கே செலவிடுவதுதான் முறை.

ரயில் நிலையத்திலிருந்து ஃபிராங்கேபிளாட்ஸ் நிறுத்தத்துக்கு ட்ராம் இருக்கிறது. நடந்தால் இருபது நிமிடம். நிலையத்துக்கு வெளியே ரீபெக்பிளாட்ஸ் என்ற பெரிய வட்டச் சந்திப்பு வரும். பாதசாரிகளுக்கான வழி கீழே போகிறது. மேலே சாலையைக் கடக்க முயல வேண்டாம். அறநிலையத்துக்கும் பழைய நகருக்கும் குறுக்கே ஓர் உயர்மட்டச் சாலை ஓடுகிறது. கிழக்கு ஜெர்மனி ஆட்சியில் கட்டியது. அதன் இரைச்சலைக் கேட்டு இடம் மாறி வந்துவிட்டோமோ என்று தயங்கத் தேவையில்லை. வாசலைத் தாண்டி முற்றத்துக்குள் நுழைந்ததும் சத்தம் வெகுவாகக் குறைந்துவிடும்.

அங்கே எதை எந்த வரிசையில் பார்ப்பது?

முதலில் வெளியிலேயே நின்று முகப்பின் முக்கோணத்தை நிமிர்ந்து பாருங்கள். சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள், கீழே ஏசாயா 40ஆம் அதிகாரத்து வசனம். 1698இல் அடிக்கல் நாட்டிய அனாதை இல்லம் இது. ஆகஸ்ட் ஹெர்மான் ஃபிராங்கே என்ற போதகர், அப்போது நகரத்துக்கு வெளியே ஏழைகளின் சேரியாக இருந்த கிளௌகாவில் 1695இல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். அது வளர்ந்து பள்ளிகள், மருந்தகம், அச்சகம், புத்தகக் கடை என்று ஒரு தனி ஊராகவே ஆயிற்று.

டிக்கெட் வாங்கியதும் நேராக மேல்தளத்துக்கு ஏறிவிடுங்கள். பரணில் இருக்கிறது அரும்பொருள் அறை. ஏறத்தாழ 3000 பொருட்கள். ஓவியரும் இயற்கை ஆய்வாளருமான கோட்ஃபிரீட் ஆகஸ்ட் கிரூண்ட்லர் 1736 முதல் 1741 வரை ஒழுங்குபடுத்தியது. அலமாரிகளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஒவ்வொன்றின் நெற்றியிலும் உள்ளே இருப்பதைச் சொல்லும் ஓவியம் இருக்கும்: சிப்பி அலமாரிக்குச் சிப்பி, கனிம அலமாரிக்குக் கனிமம். எழுத்து வாசிக்கத் தெரியாத குழந்தைகூட எந்தப் பொருளை எங்கே தேடுவது என்று கண்டுகொள்ளும். இது வேடிக்கைக்காகச் சேர்த்த குவியல் அல்ல, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வைத்த சேகரிப்பு. உத்தரத்தில் ஒரு முதலை தொங்கும். கோள்களின் ஓட்டத்தைக் காட்டும் பெரிய மாதிரிகள் நிற்கும். தென்னிந்தியாவிலிருந்து போன பொருட்களும் இங்கே உண்டு. அவசரப்படாமல் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

அதற்கும் மேலே கூரையில் ஒரு மாடம். அங்கிருந்து வடக்கே பார்த்தால் சந்தைச் சதுக்கத்தின் கோபுரங்கள் தெரியும். அடுத்து எங்கே போகப்போகிறீர்கள் என்பது புரிந்துவிடும். மழையிலும் பலத்த காற்றிலும் மாடத்தை மூடிவைத்திருக்கலாம்.

இறங்கி லிண்டன்ஹோஃப் என்ற நீண்ட முற்றத்தில் நடங்கள். முற்றத்துக்கு டிக்கெட் வேண்டாம். ஒரு பக்கம் முழுக்க நிற்பது நீண்ட வீடு: மரச்சட்டம் கோத்துக் கட்டிய ஆறு தளக் கட்டடம், நூறு மீட்டருக்கும் மேல் நீளம். இந்த வகையில் ஐரோப்பாவின் மிக நீளமான கட்டடங்களில் ஒன்று. முற்றத்தை ஒட்டி இருப்பது நூலகம். 1728இல் முடிந்த கட்டடம். அலமாரிகள் சுவரோடு ஒட்டாமல், நாடக மேடையின் பக்கத்திரைகள் நீட்டிக்கொண்டிருப்பதுபோல் இருபுறமும் வரிசையாக உள்நோக்கி வருகின்றன. அலமாரிகளுக்கு இடையே புகுந்து நடக்க விடமாட்டார்கள், நின்று பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: இந்த வளாகத்தில் இன்றும் பள்ளிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் நடக்கின்றன. குழந்தைகள் படத்தில் விழும்படி கேமராவைத் தூக்காதீர்கள். ஜெர்மனியில் இதைக் கடுமையாக எடுத்துக்கொள்வார்கள்.

தமிழுக்கும் இந்த இடத்துக்கும் என்ன சம்பந்தம்?

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய கிறிஸ்தவ மதபோதகர்கள் பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹைன்ரிஷ் புளூட்சோவும் ஹாலேயில் படித்தவர்கள், ஃபிராங்கேயின் வட்டத்தைச் சேர்ந்தவர்கள். அனுப்பியது டென்மார்க் அரசர். ஆளும் பணமும் கடிதத் தொடர்பும் பெருமளவு ஹாலே வழியாக நடந்தன. தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதங்களை 1710 முதல் இங்கே அச்சிட்டு விற்றார்கள். காவிரிக் கரையின் ஊர்களையும் பழக்கவழக்கங்களையும் ஐரோப்பிய வாசகர்கள் அறிந்துகொண்டதில் அந்த வெளியீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

தமிழ் அச்சு எழுத்துகளை வெட்டி வார்த்ததும் இங்கேதான். 1713இல் அவை தரங்கம்பாடி சேர்ந்தன. அளவில் பெரியவையாக இருந்ததால் காகிதம் ஏராளமாகத் தின்றன. அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். புதிய ஏற்பாடு தமிழில் 1714-15இல் அச்சேறியது. 1716இல் சீகன்பால்க் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணமான கிராமட்டிகா டமுலிகா ஹாலேயில் வெளிவந்தது. அவரோடு ஐரோப்பா போய்வந்த மலையப்பன் என்ற தமிழர் அந்தப் பயணம் முழுவதும் அவருக்குத் தமிழில் பேச்சுத் துணையாக இருந்தவர்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, தெரிந்துகொண்டே அந்த அறைகளில் நடப்பது நல்லது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்க் 1713இல் எழுதி அனுப்பிய விரிவான நூலை அச்சிட ஃபிராங்கே மறுத்துவிட்டார். அந்தச் சமயத்தை ஒழிக்கத்தான் ஆளனுப்பினோம், ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் நிலை. 1867இல்தான் அது சென்னையில் அச்சானது.

பின்னால் வந்தவர்களில் அகராதி தொகுத்த ஃபப்ரீசியுஸ், தஞ்சை சரபோஜி மன்னருக்கு ஆசிரியராக இருந்த ஷ்வார்ட்ஸ் இருவரும் ஹாலேயில் படித்தவர்கள்தான்.

ஓலைச்சுவடிகளைப் பார்க்க முடியுமா?

கண்காட்சியில் வைத்திருப்பதை யாரும் பார்க்கலாம். ஆவணக் காப்பகத்தில் இருக்கும் சுவடிகளும் கடிதங்களும் வேறு. அவற்றை வாசிப்பறையில்தான் தருவார்கள். என்ன ஆய்வு, எந்த ஆவணம் என்று குறிப்பிட்டு முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். வாசலில் போய்க் கேட்டால் கிடைக்காது. அது அவர்கள் பிடிவாதம் அல்ல, முந்நூறு வயதான ஓலையைக் காப்பதற்கான முறை. காப்பகத்தின் பல ஆவணங்கள் படமெடுத்து இணையத்தில் கிடைக்கின்றன. வருவதற்கு முன் அங்கே தேடி, ஆவண எண்ணைக் குறித்துக்கொண்டு எழுதினால் வேலை சுலபம்.

அங்கிருந்து சந்தைச் சதுக்கத்துக்கு எந்த வழி?

உயர்மட்டச் சாலைக்குக் கீழே புகுந்து ரானிஷே ஷ்ட்ராசெ தெருவில் நடந்தால் ஆல்ட்டர் மார்க்ட் வரும். நடுவில் ரோஜாப்பூவை மிதித்து நடக்கும் கழுதையும் பையனும் உள்ள நீரூற்று. பேரரசர் வருகிறார் என்று ஊரார் தெருவெல்லாம் ரோஜா தூவிக் காத்திருக்க, வெள்ளத்தால் அவர் வேறு வழியில் போய்விட்டார். மாவு ஆலைப் பையன் கழுதையோடு வந்து சேர்ந்தான் என்று கதை. அங்கிருந்து ஷ்மேர்ஷ்ட்ராசெ வழியாக மார்க்ட்பிளாட்ஸ். மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிடம்.

சந்தைச் சதுக்கத்தின் ஐந்து கோபுரங்கள் என்கிறார்களே, எண்ணினால் குழப்பமாக இருக்கிறது?

நான்கு கோபுரம் ஒரே தேவாலயத்தினுடையது, ஐந்தாவது தனியாக நிற்கிறது. தனியாக நிற்பது ரோட்டர் டூர்ம், சிவப்புக் கோபுரம்: 84 மீட்டர், 1418இல் தொடங்கி 1506இல் முடிந்தது. 1945 ஏப்ரலில் தீப்பிடித்து உச்சி விழுந்தது; 1976இல் மறுபடி வைத்தார்கள். உள்ளே 76 மணிகள் கொண்ட மணியிசைக் கருவி இருக்கிறது. ஐரோப்பாவின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அடியில் நிற்கும் ரோலாண்ட் சிலை நகரத்தின் நீதி உரிமைக்கு அடையாளம்.

மார்க்ட்கிர்ஹே தேவாலயத்துக்கு எப்படி நான்கு கோபுரம் வந்தது என்பதுதான் சுவாரசியம். இங்கே முன்பு இரண்டு தேவாலயங்கள் அருகருகே இருந்தன. கர்தினால் ஆல்பிரெஷ்ட் காலத்தில், 1529 முதல், இரண்டின் உடலையும் இடித்துவிட்டுக் கோபுரங்களை மட்டும் விட்டுவைத்தார்கள். இடைவெளியில் ஒரே பெரிய கூடம் எழுந்து 1554இல் முடிந்தது. மேற்கே கூர்முனையோடு இருக்கும் நீலக் கோபுரங்கள் கெர்ட்ரூட் தேவாலயத்துடையவை. கிழக்கே, மேலே ஒரு பாலத்தால் இணைந்தவை மரியாள் தேவாலயத்துடையவை; தீயைக் கண்காணிக்கும் காவலர் குடியிருந்ததால் இவற்றுக்கு ஹவுஸ்மான் கோபுரங்கள் என்று பெயர். மார்ட்டின் லூதரின் மதச் சீர்திருத்தத்துக்கு எதிராக நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றுதான் இந்தத் தேவாலயத்தைக் கட்டத் தொடங்கினார்கள். வேலை முடிவதற்குள் 1541இல் ஊரே லூதர் பக்கம் போய்விட்டது. 1546இல் ஐஸ்லேபனில் இறந்த லூதரின் உடல் விட்டன்பெர்குக்குப் போகும் வழியில் இங்கே ஓர் இரவு தங்கியது. அவருடைய மரண முகமூடியும் கைகளின் வார்ப்பும் இன்று இந்தத் தேவாலயத்தில்தான் இருக்கின்றன. அந்தச் சிற்றறைக்குத் தனிக் கட்டணம், தேவாலயத்துக்கு இல்லை.

உள்ளே போனால் கிழக்கு மாடத்தில் இருக்கும் சிறிய ஆர்கனைப் பாருங்கள். 1664இல் செய்தது. சிறுவன் ஹெண்டல் தன் ஆசிரியர் சாஹோவிடம் இசை பயின்றது இந்தத் தேவாலயத்தில்தான்.

ஹவுஸ்மான் கோபுரம் ஏற வேண்டுமென்றால் குறித்த நேரத்தில் அழைத்துப் போவார்கள். சதுக்கத்திலேயே மார்க்ட்ஷ்லெஸ்ஹென் கட்டடத்தில் சுற்றுலாத் தகவல் நிலையம் இருக்கிறது. வந்ததும் முதல் வேலையாக அன்றைய நேரத்தைக் கேட்டுவிடுங்கள். அங்கேயே தாள் வரைபடமும் கிடைக்கும்.

ஹால்மார்க்ட் ஏன் பள்ளத்தில் இருக்கிறது?

இந்த ஊரே அந்தப் பள்ளத்தால் வந்தது. சந்தைச் சதுக்கத்துக்கு அடியில் பாறை உடைந்து ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. அந்தப் பிளவு வழியாக உப்புநீர் மேலே வந்தது. தேவாலயத்தின் பின்புறம் படியிறங்கினால் வருகிற ஹால்மார்க்ட்தான் உப்புக் காய்ச்சிய இடம். டாய்ச்சர் போர்ன், குட்யார், மெட்டரிட்ஸ், ஹாக்கபோர்ன் என்று நான்கு கிணறுகள் இருந்தன. இன்று தரைக்கு மேல் அவற்றைப் பார்க்க முடியாது. கடலுக்கு வெகு தூரத்தில் இருந்த நாட்டுப்புறத்துக்கெல்லாம் உப்பு கொடுத்த ஊர். கோபுரங்கள் எழுந்ததும் பேராயர்கள் கோட்டை கட்டியதும் அந்தப் பணத்தால்.

உப்புக் காய்ச்சியவர்கள் ஹல்லோரன். 1491இல் அமைந்த அவர்களது சகோதரத்துவம் இன்றும் வெள்ளிப் பொத்தான் வைத்த உடையோடு விழாக்களில் வருகிறது. ஆற்றுத் தீவில் உப்பளப் பழங்கட்டடத்தில் அவர்களுக்கு ஓர் அருங்காட்சியகம் உண்டு. நீண்ட புதுப்பிப்பு வேலை நடந்த இடம், திறந்திருப்பதை உறுதிசெய்துகொண்டே அந்தப் பக்கம் போங்கள். அவர்கள் பெயர் கொண்ட ஹல்லோரன் சாக்லேட் தொழிற்சாலை 1804இலிருந்து நடக்கிறது. பயணத்தில் வாங்கிப் போக உருண்டைச் சாக்லேட் நல்ல பொருள், கோடையில் உருகும்.

படம் எடுப்பவர்களுக்கு: ஐந்து கோபுரமும் சேர்ந்து வரக் காலையில் சந்தைச் சதுக்கத்தின் கிழக்கு ஓரம், மாலையில் ஹால்மார்க்ட். இடம் மாற்றி நின்றால் கோபுரங்கள் எதிர்வெயிலில் கறுத்துப்போகும்.

ஹெண்டல் இல்லத்துக்குள் போக வேண்டுமா, வெளியிலிருந்து பார்த்தால் போதாதா?

மேற்கத்திய இசையில் ஈடுபாடு இருந்தால் கட்டாயம் போக வேண்டும், ஒரு மணி நேரம். இல்லையென்றால் வாசலோடு போதும். கியார்க் ஃபிரீட்ரிஷ் ஹெண்டல் 1685 பிப்ரவரி 23 அன்று கிரோசே நிகோலாய்ஷ்ட்ராசெயில் இந்த வீட்டில் பிறந்தார், 1703இல் ஹாம்பர்க் போய்விட்டார். 1948 முதல் அருங்காட்சியகம். பழைய இசைக்கருவிகளின் தொகுப்பு நன்றாக இருக்கும்.

டோம், மோரிட்ஸ்பூர்க்?

டோம் தேவாலயத்துக்குக் கோபுரமே கிடையாது. துறவிகள் 13ஆம் நூற்றாண்டில் எளிமையாகக் கட்டியது. கூரை விளிம்பைச் சுற்றி அரைவட்ட மகுடங்களைப் பின்னர் வைத்தவர் அதே கர்தினால் ஆல்பிரெஷ்ட். பதினேழு வயது ஹெண்டல் ஓராண்டு இங்கே ஆர்கன் வாசித்தார். திறந்திருக்கும் நேரம் குறைவு. பூட்டியிருந்தால் வெளியே சுற்றிவந்து மகுடங்களைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மோரிட்ஸ்பூர்க் ஐந்து நிமிட நடை. 1484இல் தொடங்கிய கோட்டை. ஊரார் பேராயருக்கு எதிராகத் துள்ளக்கூடாது என்று ஊருக்கு முகம்காட்டிக் கட்டியது. முப்பதாண்டுப் போரில் 1637இல் எரிந்து சிதைந்தது. அந்தச் சிதைவின் மேல் 2008இல் ஸ்பெயின் கட்டடக் கலைஞர்கள் உலோகமும் கண்ணாடியுமாக ஒரு கோணல் கூரை போட்டார்கள். பழசோடு புதுசு இவ்வளவு நேர்மையாகச் சேர்ந்திருப்பதைப் பார்ப்பது அரிது. முற்றத்துக்குக் கட்டணம் இல்லை. லியோனெல் ஃபைனிங்கர் 1929 முதல் 1931 வரை இங்கே பட்டறை வைத்து இந்த ஊரை 11 ஓவியங்களாக வரைந்தார். நாஜிகள் பறிமுதல் செய்ததில் தொகுப்பு சிதறியது. சில ஓவியங்கள் திரும்ப வந்திருக்கின்றன. மார்க்ட்கிர்ஹேயை நேரில் பார்த்துவிட்டு அவர் ஓவியத்தின் முன் வந்து நிற்பதற்காகவே கோட்டையைச் சந்தைக்குப் பின்னால் வைத்திருக்கிறோம்.

கல்லறைத் தோட்டத்தைப் பாதையில் சேர்க்க வேண்டுமா?

வேண்டும். பல்கலைக்கழகச் சதுக்கத்தில் ஷாடோவ் செய்த இரும்புச் சிங்கங்களைப் பார்த்துவிட்டுக் கிழக்கே கால் மணி நேரம் நடந்தால் ஷ்டாட்கோட்டஸ்ஆக்கர். 1557இல் நிக்கெல் ஹோஃப்மான் தொடங்கிய வேலை. வெளியே வெறும் மதில், உள்ளே நான்கு பக்கமும் 94 வளைவுகள். ஒவ்வொரு வளைவும் ஒரு குடும்பத்தின் கல்லறை. வளைவுகளின் செதுக்கு வேலைப்பாடு ஒன்றுபோல் ஒன்று இல்லை, நிதானமாகச் சுற்றி வாருங்கள். காலையில் யாருடைய வேலையைப் பார்த்தீர்களோ அந்த ஃபிராங்கேயின் கல்லறையும் ஹெண்டலின் தந்தையின் கல்லறையும் இங்கேயே. 1945 குண்டுவீச்சில் சேதமானதைப் பின்னர் சீர்செய்தார்கள். மாலையில் வாசலைப் பூட்டுவார்கள், குளிர்காலத்தில் சீக்கிரமே. இன்னும் வழிபாட்டுக்குரிய இடம், உட்கார்ந்து சாப்பிடவோ உரக்கப் பேசவோ கூடாது.

அங்கிருந்து தெற்கே இறங்கினால் பழைய மதிலின் காவற்கோபுரமான லைப்சிகர் டூர்ம். அப்படியே நேரே ரயில் நிலையம்.

வழக்கமாக எதில் சறுக்குவார்கள்?

ட்ராமில். சந்தைச் சதுக்கம் பாதசாரிகளின் இடம்போல் தோன்றும். ஆனால் ஊரின் பல ட்ராம் தடங்கள் அதன் குறுக்கேதான் போகின்றன. தடுப்பு இல்லை, தண்டவாளம் தரையோடு தரையாக இருக்கும். கோபுரம் முழுக்கப் படத்தில் வரவேண்டுமென்று பின்னோக்கி நடக்கிறவர்கள்தான் ஆபத்தில் மாட்டுவார்கள். நின்ற இடத்தில் நின்று எடுங்கள்.

அடுத்தது செருப்பு. பழைய தெருக்கள் கல் பதித்தவை, மழையில் வழுக்கும். மெல்லிய அடி உள்ள காலணி போட்டால் மத்தியானத்துக்குள் பாதம் நோகும். பிறகு, சைக்கிள் பாதையில் நடப்பது. மணியடித்தால் விலகிவிட வேண்டும்.

பணம்: பெரிய இடங்களில் அட்டை செல்லும். சிறிய பேக்கரியிலும் கழிப்பறையிலும் சில்லறை கேட்பார்கள், சிலர் ஜெர்மன் வங்கி அட்டை மட்டும் வாங்குவார்கள். பத்து யூரோ அளவு நாணயமாக வைத்திருங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? தண்ணீர், கழிப்பறை?

சந்தைச் சதுக்கத்தையும் லைப்சிகர் ஷ்ட்ராசெயையும் சுற்றி ஃபலாஃபெல் கடை, துருக்கிக் கடை, பேக்கரி தாராளம். சூப், சாஸ் இவற்றில் இறைச்சி கலந்திருக்கலாம். ‘ஓனெ ஃப்ளைஷ்’, அதாவது இறைச்சி இல்லாமல், என்று கேளுங்கள். உணவகத்தில் தண்ணீர் கேட்டால் பாட்டில் வரும், காசு உண்டு, சொல்லாவிட்டால் சோடாத் தண்ணீராகவும் வரும். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது, அறையிலேயே பிடித்து எடுத்துப் போகலாம். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் சேர்ப்பார்கள். எறியாமல் சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டுத் திரும்பப் பெறுங்கள்.

கழிப்பறைக்கு நல்ல வழி, டிக்கெட் வாங்கிய ஒவ்வோர் அருங்காட்சியகத்திலும் கிளம்பும் முன் போய்விடுவது. தெருவில் தேடினால் நேரம் போகும்.

முதியவர்கள், குழந்தை வண்டி, சக்கர நாற்காலி?

கல் பதித்த தெருதான் தொல்லை. சந்தைச் சதுக்கமும் லைப்சிகர் ஷ்ட்ராசெயும் ஓரளவு சமதளம். ஹால்மார்க்டுக்குப் படி வேண்டாமென்றால் தேவாலயத்தைச் சுற்றிச் சரிவான தெருவில் இறங்கலாம். அறநிலையத்தின் மேல்தளத்துக்கும் கோட்டைக்குள்ளும் என்ன வசதி என்பதை முன்னமே எழுதிக் கேட்டுவிடுங்கள். நடை முடியாதவர்களுக்கு ஃபிராங்கேபிளாட்ஸிலிருந்து மார்க்ட்பிளாட்ஸுக்கு ட்ராம் போகிறது.

நெப்ரா வட்டு இந்த ஊரில்தானே இருக்கிறது?

ஆமாம், சந்தைக்கு வடக்கே ஒன்றரை கிலோமீட்டரில் மாநிலத் தொல்பழங்கால அருங்காட்சியகத்தில். 1999இல் கிடைத்த வெண்கல வட்டு, 3600 ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் போனது. சூரியன் அல்லது முழுநிலா, பிறை, விண்மீன்கள் எல்லாம் பொன் தகட்டில். அதை இந்தப் பாதையோடு ஒரே நாளில் திணிக்காதீர்கள். இரண்டாவது நாள் காலையை அதற்குக் கொடுங்கள். திங்களன்று மூடியிருக்கும்.

அரை நாள்தான் இருக்கிறது. எதை விடுவது?

ஹெண்டல் இல்லத்தையும் மோரிட்ஸ்பூர்க் அருங்காட்சியகத்தின் உட்புறத்தையும் விட்டுவிடுங்கள். ட்ராமில் ஃபிராங்கேபிளாட்ஸ், பரண் அறையும் முற்றமும் இரண்டு மணி நேரம், நடந்து சந்தைச் சதுக்கம், தேவாலயத்துக்குள் அரை மணி, படியிறங்கி ஹால்மார்க்ட், திரும்பி லைப்சிகர் ஷ்ட்ராசெ வழியாகக் கல்லறைத் தோட்டம், அங்கிருந்து ரயில். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். அப்போது கல்லறைத் தோட்டத்தை முதலில் பார்த்துவிட்டு மீதியைத் தொடருங்கள். கிறிஸ்துமஸ் சந்தை போட்டிருக்கும் நாட்களில் சந்தைச் சதுக்கம் இருட்டிய பிறகும் விளக்கோடு இருக்கும், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.